அங்கே ஏன் யாரும் இல்லை?

கேள்வி: நாங்கள் ஆறு பேர். நான், கணவர், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், மூட்டுவலி உள்ள மாமியார், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன். போன விடுமுறைக்குப் பேர்பெற்ற ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். கார் நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போய்விட்டது. மணலில் துண்டு விரிக்க இடமில்லை. நள்ளிரவு வரை ஸ்பீக்கர் சத்தம். வீடு திரும்பியதும் இன்னொரு லீவு தேவைப்பட்டது. இந்த முறை ஐந்து நாள், அமைதியான சின்ன ஊராகப் போகலாம் என்று இருக்கிறோம். இணையத்தில் தேடினால் எல்லா ஊரும் தன்னை அமைதியான ஊர் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. கணவர் ஒரு படத்தைக் காட்டி, “பார், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ஆள்கூட இல்லை, இதுதான் நம்ம ஊர்” என்கிறார். எனக்கென்னவோ தயக்கமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. அப்படி ஒரு படத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, அங்கே ஏன் யாரும் இல்லை என்றுதான். காரணம் நல்லதாக இருக்கலாம். பக்கத்தில் பெரிய நகரம் இல்லை, ரயில் நிலையம் தள்ளி இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிற மாதம், இப்படி ஏதாவது. கெட்டதாகவும் இருக்கலாம். கடல் ஆளை இழுக்கிறது, நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு ஆழம், ஊர்ச் சாக்கடை அங்கேதான் கலக்கிறது. இரண்டும் இல்லாமல், படம் எடுத்தவர் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கேமராவோடு போயிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் உங்கள் தேர்வு முக்கால்வாசி முடிந்தது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குடும்பங்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்ப நாட்களில் ஒரு கடற்கரையைச் சாலையிலிருந்து பார்த்து மயங்கிவிட்டேன். ஒன்றரை கிலோமீட்டர் மணல், ஒரு காலடித் தடம்கூட இல்லை. மற்றவர்களை அனுப்புவதற்கு முன்னால் நாமே போய்ப் பார்ப்போம் என்று வீட்டாரை அழைத்துக்கொண்டு போனேன். நல்ல வேளை, அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மணல் கல் உப்பு மாதிரி பருபருவென்று இருந்தது. காலை வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. கடல் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லாமல் ஏரி மாதிரி கிடந்தது. ஆனால் கரையோரம் வந்ததும் தண்ணீர் திடீரென்று ஆள் உயரம் எழுந்து மணலிலேயே ‘தொப்’பென்று விழுந்தது. திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போனது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. நுரை வந்து தொடும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது அலை அவனைப் புரட்டிப் போட்டது, மூன்றாவது வருவதற்குள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்துகூட வரவில்லை. “எங்க பிள்ளைங்களையே இங்க இறங்க விடமாட்டோம். குளிக்கணும்னா அந்த முனையைத் தாண்டிப் போங்க” என்றார்.

போனோம். இருபது நிமிட நடை. பாறை முனைக்கு அந்தப் பக்கம் அரைவட்டமாக ஒரு சின்னக் குடா. அங்கே ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் முழங்கால் தண்ணீரில் ஒருவர்மேல் ஒருவர் இறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து எந்தக் கடற்கரை ஊரைப் பற்றிக் கேட்டாலும் என் முதல் விசாரணை, உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள் என்பதுதான். அப்படி ஒரு இடமே இல்லை என்றால், அந்த ஊர் பார்ப்பதற்கு மட்டும். உங்கள் நான்கு வயதுக்காரனை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கடலைப் படத்திலேயே ஓரளவு படித்துவிடலாம். மணல் பொடியாக இருந்தால் கரை பெரும்பாலும் தட்டையாக இருக்கும், அலை தூரத்திலேயே உடைந்து களைத்துப்போய்க் கரைக்கு வரும். பருமணல், கூழாங்கல் என்றால் கரை செங்குத்தாக இறங்கும். நான் பார்த்ததும் அதைத்தான். ஆட்கள் இருக்கும் படம் கிடைத்தால் அதுதான் உங்களுக்குப் பொக்கிஷம். கரையிலிருந்து இருபது, முப்பது மீட்டர் உள்ளே நிற்கும் பெரியவருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது, முழங்காலிலா மார்பிலா? ஆளில்லாத அழகுப் படம் இந்த ஒன்றைச் சொல்லாது.

அடுத்து சாட்டிலைட் படம். கரைக்கு இணையாக இரண்டு மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அலை படிப்படியாக உடைகிறது, தட்டைக் கரை. மணலை ஒட்டி ஒரே ஒரு கோடு என்றால் கவனம். கரை நேராக, திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறதா, இல்லை ஒரு முனையின் மறைவில் வளைந்து உள்வாங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வளைந்ததுதான் தோது. பவளத்திட்டு அடைத்து நிற்கும் தண்ணீர் குளம் மாதிரி அசையாது, ஆனால் அடியில் பவளமும் கடல்முள்ளெலியும் காலைக் கிழிக்கும். அங்கே ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

இன்னொன்று, கடற்கரை வருடம் முழுக்க ஒரே கடற்கரையாக இருக்காது. புயல் மாதங்களில் பெரிய அலைகள் கரை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கடலுக்குள் திட்டாகப் போடும். அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். படத்தில் அகலமாக விரிந்து கிடந்த மணல் நீங்கள் போகும்போது பாதியாகச் சுருங்கியிருக்கலாம். அதனால் நீங்கள் போகும் அதே மாதத்தில் எடுத்த படங்களைத் தேடுங்கள்.

இப்போது இழுவை. உங்கள் கணவரும் கொழுந்தனும் இதைப் படிக்கட்டும். கரைக்கு அலையலையாக வந்து சேரும் தண்ணீர் எந்த வழியிலாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கடலடி மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக ஒன்றுசேர்ந்து வெளியேறும். இதைத்தான் ரிப் கரன்ட் என்கிறார்கள். பள்ளம் ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருத்த, அமைதியான பட்டை ஒன்று தெரியும். அலைக்குப் பயந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாம் எங்கே இறங்குவோம்? அலை இல்லாத இடமாகப் பார்த்து, அந்தப் பட்டைக்குள்ளேயேதான். நொடிக்கு ஒன்றிரண்டு அடி வேகம் சாதாரணம், 8 அடி வரை அளந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வர முடியாது.

அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. போய் இறங்கிய முதல் நாள், பிள்ளைகளைத் தண்ணீர் பக்கம் விடுவதற்கு முன்னால், கொஞ்சம் மேடான இடத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். படிக்கட்டு, மணல்மேடு, விடுதி மாடி, எதுவானாலும் சரி. ஒரு அலைத்தொடர் வந்து அடங்கி அடுத்தது வரும்வரை பாருங்கள். நுரையோ, பாசியோ, மிதக்கும் குச்சியோ எந்த இடத்தில் கரையை விட்டு உள்நோக்கி ஊர்ந்து போகிறது? தண்ணீர் எங்கே கலங்கிப் பழுப்பாக நாக்கு நீட்டியது போலக் கடலுக்குள் போகிறது? அந்த இடம் உங்களுக்கு ஆகாது. கல் கொட்டிய அலைத்தடுப்பு, கடலுக்குள் நீளும் பாலம், பாறை முனை இவற்றை ஒட்டியும் இழுவை இருக்கும், குறைந்தது நூறடி தள்ளி நில்லுங்கள். கொழுந்தன் மாட்டிக்கொண்டால், கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. அது ஆளை அடியில் இழுப்பதில்லை, கடலுக்குள்தான் கொண்டுபோகும். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, அப்புறம் அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பாய்ந்து இறங்காமல் மிதக்கும் பொருள் எதையாவது எறியட்டும். காப்பாற்றப் போய்ப் போனவர்கள் நிறைய.

கடல் விஷயத்தில் உங்களுக்கும் கணவருக்கும் இதனால்தான் கருத்து வேறுபடுகிறது என்று நினைக்கிறேன். அவர் கேட்பது அமைதியான கரை. உங்களுக்கு வேண்டியது அமைதியான தண்ணீர். ஆள் நடமாட்டமே இல்லாத கரையில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆளும் இருக்காது. நான் குடும்பங்களுக்குத் தேடிக் கொடுப்பது, நூறு மீட்டருக்குள் இன்னும் நாலைந்து குடும்பமாவது இருக்கிற கரை. பெரியவர்கள் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்ள அது போதுமான அமைதி. முறைவைத்துத்தான் சாயவேண்டும், அது வேறு. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையாட்டாது, சத்தமே வராது. நான்கு வயதுக்காரன் கணுக்கால் தண்ணீரில் இருந்தாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் கையில் போன் இருக்கக் கூடாது.

உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் கொடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். உலகின் பல கரைகளில் ஒரே வழக்கம்தான். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று பாதிப்பாதியாக இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் கண்காணிப்பு, அங்கேதான் குளிக்கலாம். மஞ்சள் மட்டும் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. ஊதா நிறம் ஜெல்லிமீன் மாதிரியான தொல்லைகளுக்கு. ஆரஞ்சு நிறத்தில் காற்றுப்பை ஒன்று பறந்தால், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிறது, காற்றடைத்த மிதவைகளைத் தண்ணீரில் விடாதே என்று அர்த்தம். நீங்கள் மகனுக்கு வாங்கி வைத்திருக்கும் வாத்து மிதவையைச் சொல்கிறேன் (நான்கு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்காது). அதை நீச்சல் குளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலில் அது பாய்மரம்.

உயிர்காப்பாளர் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, காலை எத்தனை மணியிலிருந்து இருப்பார் என்றும் விசாரியுங்கள். கூட்டம் குறைந்த பருவத்தில் அவரும் இருக்க மாட்டார். அதைத்தான் விளம்பரத்தில் ‘ஆஃப் சீசன் அமைதி’ என்பார்கள்.

ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது, இன்னொரு சங்கதி. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி, அதனால் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மத்தியதரைக் கடல் கரைகள் பலவற்றில் அரை மீட்டர்கூட இருக்காது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். உங்கள் ஊரில் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தட்டைக் கரையில் வற்றும்போது கடல் முந்நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். காலையில் விடுதி வாசலில் இருந்த கடலைப் பார்க்க மத்தியானம் மாமியார் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் இன்னும் கூடும். ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போகிற ஐந்து நாளுக்கும் எடுத்துப் பாருங்கள். வற்றிய நேரத்தில் பாறை முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்கு நடந்து போவது சுகமான நடைதான், ஆனால் ஏற்றம் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பும் வழியே இருக்காது.

கடல் எப்போதும் பொங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரு ஊரைத் தள்ளிவிடுவதற்கு முன்னால், எந்த வேளையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வெயில் ஏறஏறத் தரை சூடாகி, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். மத்தியானத்துக்கு மேல் வலுத்து, அந்தி சாய அடங்கும். காலை எட்டு மணிக்குத் தளதளவென்று கிடந்த கடல் மூன்று மணிக்கு அலைந்துகொண்டிருப்பது இதனால்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் காலை நேரம்தான் கடல். வெயிலுக்கும் அதுவே நல்லது. மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்கும், கடல் நுரை 25 சதவீதம் அளவுக்கும் திருப்பி அடிக்கும், குடைக்குள் உட்கார்ந்தவருக்கும் முகம் கறுப்பது அப்படித்தான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போங்கள். சன்ஸ்கிரீன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

கூட்டத்துக்கு வருவோம். ஒரு ஊர் அமைதியாக இருக்குமா என்று பார்க்க நான் வரைபடத்தில் அளப்பது ஒன்றே ஒன்று, மிக அருகிலுள்ள பெரிய நகரத்திலிருந்து வண்டியில் எத்தனை மணி நேரம் என்பது. இரண்டு மணிக்குள் என்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த நகரமே அங்கே வந்துவிடும், காலையில் வந்து ராத்திரி திரும்பிவிடலாமே. மூன்றரை மணிக்கு மேல் என்றால் தங்குகிறவர்கள்தான் வருவார்கள். இது என் கைக்கணக்கு, எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, ஆனால் பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

நாள் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் வண்டியில் மூட்டை ஏற்றும்போது நீங்கள் உள்ளே நுழையுங்கள், வெள்ளி மத்தியானம் கிளம்பிவிடுங்கள். உங்கள் ஐந்து நாள் சரியாகப் பொருந்துகிறது. போன முறை உங்களைப் படுத்திய அதே ஊர்கூடச் செவ்வாய்க்கிழமை வேறு ஊராக இருந்திருக்கும். அப்புறம், ஜனங்கள் பேருந்து நிறுத்தம், கார் நிறுத்துமிடத்திலிருந்து அதிக தூரம் நடப்பதில்லை. கடற்கரைச் சாலை முடிகிற இடத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போனாலே கூட்டம் மெலிந்துவிடும். அறையை அங்கே எடுத்தால் பெரிய ஊரின் மருத்துவமனையும் மருந்துக்கடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. சின்ன ஊர்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாதம் எது? பள்ளி விடுமுறையின் நடுவாரங்களைத் தவிர்த்து, தொடக்கத்திலோ கடைசியிலோ போக முடிந்தால் நல்லது. குளிர்ப் பிரதேசம் என்றால் கடல் தரையைவிட ஒன்றிரண்டு மாதம் பிந்தியே சூடாகும் என்பதை நினைவில் வையுங்கள். கோடையின் தொடக்கத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டும். வெப்பமான நாடுகளில் அந்தப் பிரச்சினை இல்லை, மழைக்காலத்தையும் காற்றுக்காலத்தையும் தவிர்த்தால் போதும். பெருமழை பெய்திருந்தால் இரண்டு மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள், ஊர் அழுக்கு முழுக்க வடிந்து வந்திருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் மழை இல்லாத நாளிலும் வேண்டாம்.

நீலக்கொடி பெற்ற கடற்கரை என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். 1985-இல் பிரான்ஸில் தொடங்கி, 1987 முதல் பல நாடுகளுக்குப் பரவிய சான்று அது. தண்ணீரின் தரம், துப்புரவு, பாதுகாப்பு ஏற்பாடு என்று 33 நிபந்தனை பார்த்து, பருவத்துக்குப் பருவம் கொடுப்பார்கள். தண்ணீர் சுத்தம் என்பதற்கு நம்பலாம், நடப்புப் பருவத்துக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமைதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில இடங்களில் அந்தக் கொடியே கூட்டத்தைக் கூட்டி வந்துவிடுகிறது.

மாமியாருக்குத் தனியாக யோசியுங்கள். பயணத் திட்டத்தில் பெரியவர்களை ‘அவங்க ரூம்ல ரெஸ்ட் எடுப்பாங்க’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காத வரி. மூட்டுவலிக்காரருக்கு உலர்ந்த மணலில் ஐம்பது மீட்டர் நடப்பது தார்ச்சாலையில் அதே தூரம் நடப்பதைவிட ரொம்பச் சிரமம். தரைத்தளத்தில் அறை, கடல் தெரிகிற திண்ணையோ வராந்தாவோ, அதில் கைப்பிடி உள்ள நாற்காலி, மணலைத் தொடாமல் கடலைப் பார்த்து உட்கார நிழலான ஒரு பெஞ்சு. இவை இருந்தால் ஐந்து நாளும் அவரும் உங்களோடு விடுமுறையில் இருப்பார். பொடிமணல் கரையானால் ஓதம் வற்றிய நேரத்தில் ஈர மணல் சிமெண்ட் மாதிரி கெட்டியாக இருக்கும், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு அவர் தாராளமாக நடக்கலாம். விடுதிக்கும் கடலுக்கும் நடுவே பெரிய சாலை குறுக்கிட்டால் அந்த விடுதியே வேண்டாம். நான்கு வயதுக்காரனுக்காகவும் சொல்கிறேன்.

கொழுந்தனுக்கு நெட்வொர்க் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அலுத்துப்போனால் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிற ஊராக இருக்கட்டும்.

மகளுக்கு ஒன்பது வயது, கடலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சரியான வயது. 2004 டிசம்பர் சுனாமியின்போது தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில், இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் கேட்டதை வைத்துப் பத்து வயதுப் பிரிட்டிஷ் சிறுமி ஒருத்தி கடல் வழக்கமில்லாமல் நுரைப்பதைப் புரிந்துகொண்டு பெற்றோரிடம் சொன்னாள், அந்தக் கரையிலிருந்தவர்கள் தப்பினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கரையில் பத்து நிமிடம் நிற்கும் வேலையை மகளிடமே ஒப்படைத்துப் பாருங்கள், உங்களைவிட முதலில் அவள் இழுவையைக் கண்டுபிடிப்பாள். மணலில் பள்ளம் தோண்டுவதற்கு மட்டும் ஒரு வரம்பு சொல்லிவிடுங்கள். முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டாம், சுரங்கம் கூடவே கூடாது. சரிந்து மூடினால் கையால் தோண்டி எடுக்க நேரம் போதாது.

விடுதிக்குப் போன் செய்யும்போது அமைதியாக இருக்குமா என்று கேட்காதீர்கள். “ரொம்ப அமைதிங்க” என்றுதான் பதில் வரும், யார் வேறு மாதிரி சொல்வார்கள்? ராத்திரி சத்தம் எத்தனை மணிக்கு அடங்கும், அந்தத் தேதிகளில் விடுதியிலோ பக்கத்து மண்டபத்திலோ விசேஷம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், ஊர்ப் பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் போனை எடுத்தவர் யோசிக்காமல் ஒரு இடத்தைச் சொன்னால் எனக்கு அந்த ஊர்மேல் நம்பிக்கை வந்துவிடும். இரவில் மருத்துவமனைக்கு அரை மணிக்கு மேல் ஆகும் என்றால், உங்கள் குடும்பத்துக்கு நான் அந்த ஊரைச் சொல்ல மாட்டேன். இணைய விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். சண்டை போட வராமல், புகழவும் வராமல், படிக்கட்டு எத்தனை, தண்ணீர் எப்போது நின்றது என்று எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் கணவர் காட்டிய படம் எந்த ஊர் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ஊரின் பெயரையும் நீங்கள் போகும் மாதத்தையும் எழுதுங்கள், கூடவே அதே கரையில் ஆட்கள் தண்ணீரில் நிற்கிற படம் ஒன்று கிடைத்தால் அதையும் அனுப்புங்கள். தண்ணீர் அவர்கள் முழங்காலில் இருந்தால், அவர் பக்கம் சேர்ந்துகொள்கிறேன்.